கொழுந்து மாடியில் ஒரு படச்சுருள்

தம்பி,

போனில் சொல்லக்கூடிய விஷயம்தான். சொல்லிவிடலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை போனைக் கையில் எடுத்தேன். நீ "சாப்பிட்டீங்களாப்பா?" என்று கேட்டதும் நான் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறேன். ஆகவே கடிதம். அடுத்த மாதம் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்கு அப்பா எழுதுகிறார் என்றால் பக்கம் பக்கமாகப் புத்திமதி இருக்கும் என்று கொழும்பில் உன்னோடு அறையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இதில் புத்திமதி கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் நான் செய்த ஒரு காரியம். கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் இதை இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். சாமியாரும் மன்னித்துவிட்டார். அவருக்கென்ன, கெட்டுப்போனது அவருடைய படமா? சொல்ல வேண்டியவனிடம் மட்டும் நான் சொல்லவே இல்லை.

போன மாதம் அம்மா உன்னோடு பேசும்போது போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். "ஒன் கேமரா இங்க டின்னுக்குள்ள சும்மாதானே கெடக்கு, தொடச்சு வைக்கவா? கல்யாணத்தண்ணைக்கு நீயே மெர்சிய நாலு படம் புடிக்கலாம்ல" என்று கேட்டாள். நீ சிரித்தாய். "வேணாம்மா. யாருக்காச்சும் குடுத்துருங்க. எனக்கு அதுக்கெல்லாம் கை சரியில்ல. மெர்சிகிட்டயும் சொல்லிட்டேன்" என்றாய். நீ சும்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னதுதான். ஆனால் நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். ஏழு வருஷமாக நீ உன் கையைப் பற்றி அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இப்போது அதைக் கட்டிக்கொள்ளப் போகிறவளிடமும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாய். அது பொய், தம்பி. உன் கையில் ஒரு குறையும் இல்லை. அந்தப் பொய்யை உனக்குக் கொடுத்தவன் நான்தான்.

முதலிலிருந்து சொல்கிறேன். உனக்கு அப்போது இருபது வயது. கொழும்பில் ஒரு கடையில் மூன்று மாதம் வேலை செய்துவிட்டு, கையில் ஒரு பழைய பிலிம் கேமராவும் காலாவதியான நாலைந்து கறுப்பு வெள்ளைப் பிலிமும் எடுத்துக்கொண்டு வந்தாய். கடை முதலாளி சும்மா கொடுத்தாராம். எல்லாரும் போனில் படம் பிடிக்கிற காலத்தில் இது என்ன கூத்து என்று நான் கேட்டேன். பிலிமைக் கழுவக் கொழும்புக்கு அனுப்ப நமக்குக் கட்டாது என்று நீ வீட்டிலேயே கழுவப்போவதாகச் சொன்னாய். கடையில் விற்கிற கோப்பித்தூள், சலவைச் சோடா, விட்டமின் சி மாத்திரை, இவை மூன்றையும் கரைத்தால் படம் வருமாம். நான் ஸ்டோரில், அதான் நம் தேயிலை பெக்டரியில், எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தேன். "தேயிலத் தோட்டத்துல பொறந்துட்டு எம் மவன் கோப்பித் தண்ணியில படம் கழுவுறான்யா" என்று. அது உன் காதுக்கும் வந்திருக்கும்.

அந்தச் சமையலை நீ செய்த விதம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. பட்டப்பகலில் என் கம்பளியை இரண்டாக மடித்துப் போர்த்தி, அதற்குள்ளே என்னுடைய பழைய மழைக்கோட்டைக் கவிழ்த்து, கோட்டின் இரண்டு கைகள் வழியாக உன் கைகளை நுழைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடி பிலிமைச் சுருளில் ஏற்றுவாய். அம்மா எட்டிப் பார்த்து, "என்னா, கோட்டுக்குப் பிரசவம் பாக்குறியா?" என்று கேட்பாள். பிலிமைக் கறுப்பு டப்பாவுக்குள் போட்டு மூடியபிறகு வெளியே வந்து, கோப்பிக் கரைசலை ஊற்றி, நிமிஷத்துக்கு ஒரு தடவை டப்பாவைக் கவிழ்த்து நிமிர்த்துவாய். அம்மா பக்கத்திலிருந்து செபமாலை சொல்வாள். அவள் முடிக்கும்போது உன் வேலையும் முடிந்திருக்கும். "மாதா கணக்கு தப்பாது" என்று அவள் பெருமைப்படுவாள். நீ போனில் மணி பார்த்துக்கொண்டுதான் இருந்தாய் என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை.

பிறகு அந்தக் கொழும்பு விண்ணப்பம் வந்தது. படம் பிடிக்கும் கலையை ஒரு வருஷம் இலவசமாகச் சொல்லிக் கொடுக்கிற இடம். தங்க இடமும் தருவார்கள். சொந்த ஊரைப் பற்றிப் படம் எடுத்து, தானே கழுவி, அந்தச் சுருளையே அனுப்ப வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நீ ஒரு வாரம் ஸ்டோரையும் மலையையும் சுற்றினாய். அம்மா கொழுந்து நிறுக்கக் கூடையோடு நிற்பதை எடுத்தாய். றொசல்ல ஸ்டேசனில் கோச்சிக்குக் காத்திருந்தவர்களை எடுத்தாய். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவிடம் நான்தான் கேட்டு அனுமதி வாங்கிக் கொடுத்தேன், நீ ஸ்டோருக்குள் வந்து என்னையும் எடுத்தாய். முப்பத்தாறு படம். உன்னிடம் மிச்சமிருந்த மூன்றில் அது ஒன்றுதான் ரொம்பப் பழசாகாத பிலிம். கழுவி, தொங்கப்போட்டு, ஈரத்தோடு ஒரு தடவை ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "வந்திருக்குப்பா" என்று சொன்னாய். உன் குரல் உடைந்திருந்தது. நான் "சரி சரி, சாப்பிடு" என்றேன். பெத்த பிள்ளை சந்தோஷத்தில் குரல் உடைந்து நிற்கும்போது சாப்பிடச் சொல்கிற ஜென்மம் நான்.

மறுநாள் தபாலில் போட வேண்டும். வெளியே மூன்று நாளாக விடாத மழை. வரிசையில் ஒட்டி நிற்கிற நம் லயத்து வீட்டில் துணியே காயாது, பிலிம் எங்கே காயும்? நீ குளிக்கிற மூலையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கி, அங்கேதான் தொங்கவிட்டிருந்தாய், அடியில் ஒரு துணிக்கிளிப்பை மாட்டி. விண்ணப்பத்துக்குக் கையெழுத்து வாங்க ஹட்டனுக்குப் போனாய். அம்மா மலைக்குக் கொழுந்து பறிக்கப் போயிருந்தாள். நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தேன். தொட்டுப் பார்த்தேன், பிசுபிசுவென்று ஒட்டியது. சாயந்திரம் வரைக்கும் இது காயாது என்று எனக்குப் பட்டது.

இங்கேதான் உன் அப்பாவின் மூளை வேலை செய்தது. கொழுந்து மாடி இருபத்தாறு வருஷம் என் பொறுப்பு. பறித்து வந்த பச்சைக் கொழுந்தை நீள நீளமாகப் பரப்பி, கீழே தேயிலை காய்கிற அறையிலிருந்து வருகிற சூடான காற்றை விட்டு ஈரத்தை இழுக்கிற மாடி. கொழுந்தை ஒரு பிடி பிடித்துவிட்டாலே எவ்வளவு ஈரம் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். ஈரம் என்றால் எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான், மாடிக்கு ஏற்று, காற்றைத் திற. உன் பிலிமை மூடி போட்ட வாளியில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். தேயிலை எந்த வாசத்தையும் பிடித்துக்கொள்ளும் என்று, தலைக்கு வாசனை எண்ணெய் வைத்தவனைக்கூட மாடிக்கு விடாதவன் நான். அந்த நான், மருந்து வாடை அடிக்கிற பிலிமைக் கொழுந்துக்கு மேலே கம்பியில் தொங்கவிட்டேன். டீமேக்கர் ஐயா பார்த்திருந்தால் அன்றோடு வேலை போயிருக்கும். பிள்ளைக்காகத் துணிந்தேன் என்று அந்த ஒரு மணி நேரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

அந்தக் காற்றோடு என்ன வரும் என்று தினமும் பார்க்கிறவன்தான். தேயிலை காயும்போது பஞ்சு மாதிரி மெல்லிய தூசி ஒன்று பறக்கும். என் புருவத்தில், காதில், சட்டையில் வருஷக் கணக்காகப் படிந்த தூசி. பழகிப் போனதால் அது தூசி என்பதே எனக்கு மறந்துவிட்டது. போய்ப் பார்த்தபோது பிலிம் நன்றாகத்தான் காய்ந்திருந்தது. ஆனால் ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் மண்நிறத்தில் மயிர் முளைத்தாற்போல் அந்தப் பஞ்சு ஒட்டிக் கிடந்தது. கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தேன். கிறீச்சென்று ஒரு சத்தம். பிறகு துடைக்கவில்லை. திரும்ப எடுத்து வந்து, நீ தொங்கவிட்ட அதே இடத்தில், அதே துணிக்கிளிப்பை அடியில் மாட்டித் தொங்கவிட்டேன். அந்தக் கிளிப்பை மாட்டும்போதே எனக்குத் தெரியும், நான் சொல்லப்போவதில்லை என்று.

நீ நனைந்துகொண்டு வந்தாய். பார்த்தாய். ஜன்னல் பக்கம் பிடித்துத் திரும்பவும் பார்த்தாய். அப்புறம், "சோடா சரியாக் கரையல போல. கழுவுனதும் பத்தல. அதான் அடியில தங்குனது எல்லாம் மேல ஒட்டிருச்சு. இல்லையாப்பா?" என்று என்னையே கேட்டாய். அது வாசல், தம்பி. நீயே திறந்து வைத்த வாசல். நான் உள்ளே வந்திருக்கலாம். "அப்பிடித்தான் இருக்கும்" என்றேன். இரண்டே வார்த்தை. நீ பிலிமைச் சுருட்டிச் சாம்பல் குழிப் பக்கம் வீசிவிட்டு, கேமராவைப் பிஸ்கட் டின்னில் வைத்து மூடினாய். "எனக்குக் கை சரியில்லப்பா" என்று அன்றைக்குத்தான் முதல் தடவை சொன்னாய். அடுத்த மாதம் கொழும்பில் மின்சாமான் கடை வேலைக்குப் போய்விட்டாய்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். வேலை போய்விடும் என்ற பயம் ஒன்று. ஸ்டோரில் எல்லாரும் பெரிய ஆளாக மதிக்கிற நான், நீ கோப்பித் தண்ணியில் செய்த வேலையை என் கையாலேயே நாசமாக்கினேன் என்று சொல்ல வெட்கம். இன்னொன்றும் இருக்கிறது. அதை எழுதத்தான் இத்தனை நாள் பிடித்தது. மாதச் சம்பளம் வருகிற வேலைக்கு நீ போகிறாய் என்றதும் என் மனதின் ஒரு மூலையில் நிம்மதியாக இருந்தது. கெடுக்க நினைத்து நான் அதைச் செய்யவில்லை, அது சத்தியம். ஆனால் கெட்டுப்போனதில் எனக்கு ஒரு வசதி இருந்தது, அதுவும் சத்தியம். இதற்காக என்னை நீ திட்டினால் கேட்டுக்கொள்வேன்.

நீ போனை வைத்ததும் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இப்பவாச்சும் சொல்லிருங்க" என்றாள்.

"என்னாத்த?" என்றேன்.

"சோடாத் தூளுக்கும் ஸ்டோர் தூசிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதுங்கிறீங்களா? ஒங்க கைக்குட்டையத் தொவைச்சது யாரு? நீங்களாச் சொல்லுவீங்க, நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன். ஏழு வருசம் ஓடிருச்சு." எழுந்து போய்ப் பழைய பால்மா டின் ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். உள்ளே நீ வீசிய பிலிம். அன்றைக்கே சாம்பல் குழியிலிருந்து பொறுக்கி வைத்திருக்கிறாள்.

உடனே உனக்குப் போன் பண்ணியிருக்க வேண்டும். ஆனால் வெறுங்கையோடு வந்து மன்னிப்புக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. நான் கெடுத்தது என்னவென்று முதலில் எனக்கே தெரிய வேண்டும் என்று தோன்றியது. ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம், நேரத்துக்கா பஞ்சம். உன் பிஸ்கட் டின்னைத் திறந்தேன். கேமரா, கறுப்பு டப்பா, காலாவதியான பிலிம் இரண்டு, உன் கையெழுத்தில் ஒரு கொப்பி. கரைசலுக்கு எதை எவ்வளவு போட வேண்டும், எந்த வரிசையில் போட வேண்டும், எல்லாம் எழுதியிருந்தாய். நம் தண்ணீர் குளிர் என்பதால் எத்தனை மக் பீலிக் குழாய்த் தண்ணிக்கு எவ்வளவு கொதிதண்ணி கலந்தால் இருபது பாகை வரும் என்றுகூடப் பார்த்து வைத்திருக்கிறாய். அதற்கு மேலே ஒரு வரி, 'அப்பாக்கிட்ட மாடித் தெர்மாமீட்டர் கேக்கணும்'. அதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, 'ஏசுவாரு. ஸ்கூல் சயன்ஸ் சேர்கிட்ட கேக்கணும்' என்று எழுதியிருக்கிறாய். ஏசித்தான் இருப்பேன்.

ஹட்டனில் முன்பு ஸ்டூடியோ வைத்திருந்தவரைத் தேடிப் பிடித்தேன். உனக்கு அந்தக் கறுப்பு டப்பாவைக் கொடுத்தவர்தான். படத்தைக் கழுவியபின் நிலைக்க வைக்கிற மருந்து, நீங்களெல்லாம் ஹைப்போ என்கிறீர்களே, அது கொஞ்சம் அவரிடம் மிச்சமிருந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவையும் வாசலில் படுத்திருந்த நாயையும் முதல் பிலிமில் எடுத்தேன். கம்பளி, மழைக்கோட்டு, எல்லாம் உன்னைப் போலவே. பிலிமைச் சுருளில் ஏற்றவே என் விரலுக்கு ஒரு மணி நேரம் ஆனது. கடைசியில் அவசரத்தில் கோப்பிக்கு முன்னால் ஹைப்போவை ஊற்றிவிட்டேன். வெளியே எடுத்தால் ஒரு படமும் இல்லை, கண்ணாடி மாதிரிப் பளபளவென்று இருந்தது. "நல்லாக் கழுவியிருக்கீங்க. என்னையும் சேத்துக் கழுவிட்டீங்க" என்றாள் உன் அம்மா. இரண்டாவது பிலிமில் கோபப்படாமல், உன் கொப்பியை வரிக்கு வரி வாசித்துச் செய்தேன். படம் வந்தது. மங்கல்தான், ஆனால் நாய் நாயாகத் தெரிந்தது. ஈரப் பிலிமை வெளிச்சத்தில் பிடித்தபோது என் குரலும் உடைந்தது. அம்மா "வாங்க, சாப்புடுங்க" என்று சொல்லவில்லை. பக்கத்தில் வந்து நின்றாள்.

பிறகு என் பிலிமில் ஒரு துண்டை நனைத்து, ஸ்டோரில் நான் போட்ட பழைய தொப்பியைத் தட்டி அந்தத் தூசியைத் தூவி, காயவிட்டு, திரும்பத் தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்தேன். மூன்று தடவை. மூன்றிலும் தூசி தானாக விட்டது. அப்புறம்தான் உன்னுடையதைத் தொட்டேன். பாத்திரம் கழுவுகிற சோப் ஒரு சொட்டு விட்ட தண்ணீரில் காலையிலிருந்து மத்தியானம் வரை ஊறியது. நான் கை வைக்கவில்லை. பஞ்சு ஒவ்வொன்றாகக் கழன்று மேலே மிதந்து வந்தது. முப்பத்தாறில் முப்பத்து நாலு படம் அப்படியே இருக்கிறது, தம்பி. அம்மாவின் கூடை, றொசல்ல ஸ்டேசன், எல்லாம்.

அதை அந்த ஸ்டூடியோக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். என் பிள்ளையுடையது என்று சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் பிடித்து, ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தார். "எப்ப கழுவுனது?" என்றார். ஏழு வருஷம் என்றேன். "கழுவுனது பத்தலன்னா இதுக்குள்ள மஞ்ச வுழுந்து கெட்டிருக்கும். இதுல ஒரு பொட்டு இல்ல பாருங்க. யாரு கழுவுனது? கைன்னா இது கை" என்றார். நான் அங்கிருந்து வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன். ஒரு பெண்பிள்ளை எழுந்து உட்கார இடம் கொடுத்தது.

மெர்சியைப் பற்றி இரண்டு வார்த்தை, புத்திமதி என்று வைத்துக்கொள். நானுஓயாவுக்கு நாங்கள் பெண் பார்க்கப் போனபோது, பலகாரம் கருகிவிட்டது, நான்தான் கருக்கினேன் என்று அந்தப் பிள்ளை எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டே சொன்னது. எனக்கு அதைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது. அவளுக்கு நல்லது செய்கிறேன் என்று அவள் வேலையில் கை வைக்காதே. வைக்க வேண்டுமென்றால் முதலில் கேள். கெட்டுப்போனால் அன்றைக்கே, நீயே சொல். "என்னால்தான் கெட்டதா?" என்று அவள் கேட்கிற நிலைமைக்கு விடாதே. அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில்தான் ஏழு வருஷமாக உன்னோடு கொழும்பில் குடியிருக்கிறது.

அந்த விண்ணப்பத்தை என்னால் திரும்பக் கொண்டுவர முடியாது. போனது போனதுதான், அதைச் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டேன். மின்சாமான் கடையை விடு என்றும் சொல்லவில்லை. உன் பிலிமை ஆறு ஆறு படமாக வெட்டி, காகிதத்தில் சுற்றி இதோடு வைத்திருக்கிறேன். கெட்டுப்போன இரண்டில் ஒன்று பிலிமின் முனை. இன்னொன்று, மாடியில் கொழுந்தைப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நான் நிற்கிற படம். கைக்குட்டையால் நான் துடைத்த இடம் சரியாக என் முகத்தில் விழுந்திருக்கிறது. அதையும் வைத்திருக்கிறேன். நீ பார்க்க வேண்டும்.

கேமராவை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. கொடுப்பதாக இருந்தால் நீயே வந்து கொடு. ஆனால் கை சரியில்லை என்று சொல்லிக் கொடுக்காதே. மெர்சியிடமும் அந்தப் பேச்சைத் திருப்பி எடுத்துக்கொள், அப்பாதான் கெடுத்தார் என்று சொல். ஸ்டூடியோக்காரர் புதுப் பிலிம் ஒன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறார். கோப்பித்தூள் வீட்டில் இருக்கிறது. குளிக்கிற மூலையில் புதுக் கொடி ஒன்று கட்டிவிட்டேன், அம்மாவின் துணிக்கிளிப் இரண்டு அதில் மாட்டி இருக்கிறது. கல்யாணத்துக்கு வரும்போது எப்படியும் மழை பெய்யும். காய இரண்டு நாள் ஆனாலும் ஆகட்டும். நான் தொட மாட்டேன்.

அப்பா